பசியைக் குறைக்கும் மாத்திரை பழகிய வேலையை என்ன செய்யும்? - பெட்டிக்குள் இருந்த புறாக்கள் சொல்லும் பதில்!

அடுத்த மாதம் அக்கா கல்யாணம். பிளவுஸ் தைக்கக் கொடுத்தாச்சு. எடைதான் குறைய மாட்டேங்குது. ராத்திரி படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளினால், 'பசியே எடுக்காது, கூடவே வேலையில கவனமும் கூடும்' என்று ஒரு மாத்திரை விளம்பரம். கீழே 'கேஷ் ஆன் டெலிவரி' என்று வேறு இருக்கிறது. விரல் ஒரு நொடி நின்றுவிடுகிறது, இல்லையா?

அந்த ஒரு நொடியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பசியைக் குறைக்கும் மருந்து, பசியை மட்டும்தான் தொடுமா? நாம் கற்றுக்கொண்ட விஷயங்களை, தினமும் பழக்கமாகச் செய்யும் வேலைகளை, புதிதாகக் கற்கும் திறனை அது என்ன செய்யும்?

இந்தக் கேள்வியை சுமார் 70 வருடங்களாகவே ஆராய்ச்சிக்கூடங்களில் கேட்டு வருகிறார்கள். பதில் சொன்னது மனிதர்கள் அல்ல, புறாக்கள்!

எதற்காகப் புறா?

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1930-களில் எலிகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தவர், 1940-களில் புறாக்களுக்கு மாறினார். புறாவுக்குக் கண் பார்வை ரொம்பக் கூர்மை, நிறங்களை நன்றாகப் பிரித்தறியும். பல வருடங்கள் உயிர் வாழும் என்பதால், ஒரே பறவையை நீண்ட காலம் தொடர்ந்து கவனிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொத்துவது அதன் பிறவிக்குணம்.

'ஸ்கின்னர் பெட்டி' என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டி ரொம்ப எளிமையானது. ஒரு சுவரில் வட்டமான பொத்தான், அதற்குப் பின்னால் ஒரு விளக்கு. பொத்தானைப் புறா சரியாகக் கொத்தினால், கீழே இருக்கும் சின்ன ஜன்னலில் சில நொடிகள் தானியம் கிடைக்கும். அவ்வளவுதான். ஒவ்வொரு கொத்தையும் கருவி தானாகவே பதிவு செய்துகொள்ளும்.

ஒரு முக்கியமான விஷயம். வயிறு நிறைந்த புறா பொத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால், இஷ்டப்படி சாப்பிட்டால் என்ன எடை இருக்குமோ, அதில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தில் பறவைகளை வைத்திருப்பது இந்த ஆய்வுகளின் வழக்கம். அதாவது, பசிதான் இந்தப் பெட்டியின் பெட்ரோல். அந்தப் பசியையே அணைக்கும் மருந்தைக் கொடுத்தால்? இங்கிருந்துதான் கதை சுவாரஸ்யமாகிறது.

இரண்டு விதிகள், இரண்டு விதமான புறா

கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்துவிடாது. அதற்கு விதிகள் உண்டு. அதில் இரண்டை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

முதல் விதி, எண்ணிக்கை விதி. 50 முறை கொத்தினால் ஒரு முறை தானியம். 'இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ்' என்று ஓடும் டெலிவரி வேலை மாதிரி. இந்த விதியில் பழகிய புறா, ஆரம்பித்தால் நிறுத்தாமல் படபடவென்று கொத்தித் தள்ளும்.

இரண்டாவது, நேர விதி. உதாரணத்துக்கு, 5 நிமிடங்கள் கழிந்த பிறகு கொத்தும் முதல் கொத்துக்குத்தான் தானியம். அதற்கு முன்னால் எத்தனை முறை கொத்தினாலும் பயனில்லை. பஸ் ஸ்டாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் இப்போதுதான் போயிருக்கிறது என்றால், நிம்மதியாக போனைப் பார்ப்போம். அடுத்த பஸ் வரும் நேரம் நெருங்க நெருங்க, தலை அடிக்கடி ரோட்டுப் பக்கம் திரும்பும். புறாவும் அப்படித்தான். ஆரம்பத்தில் சும்மா இருக்கும், கடைசியில் வேகமாகக் கொத்தும்.

ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் இப்படிப்பட்ட விதிகளைப் புறாக்களிடம் வருடக்கணக்கில் சோதித்து, 1957-ல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார்கள். ஒரு விதியில் நன்றாகப் பழகிய புறா, நாள் தவறாமல் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதனால், மருந்து கொடுத்த அன்று ஏதாவது மாறினால் உடனே தெரிந்துவிடும்.

ஒரே மருந்து, ஒரே புறா... இரண்டு விளைவுகள்!

இதை மருந்துகளைச் சோதிக்கும் கருவியாக மாற்றியவர், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மருந்தியல் அறிஞர் பீட்டர் டியூஸ். 1955-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் மருந்தியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. அவர் கொடுத்தது பெண்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து. ஒரே டோஸ், நேர விதியில் கொத்துவதை வெகுவாகக் குறைத்தது. எண்ணிக்கை விதியில் கொத்துவதைக் குறைக்காமல் கூட்டியது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரண்டு விதியிலும் பரிசு ஒன்றுதான், அதே தானியம். பசியும் அதே பசி. அப்படியிருந்தும் விளைவு தலைகீழ். 'இந்த மருந்து பசியைக் குறைக்கும்', 'இந்த மருந்து சுறுசுறுப்பைத் தரும்' என்று ஒற்றை வரியில் சொல்வது போதாது என்பதற்கு இதுவே முதல் சாட்சி. மருந்து என்ன செய்யும் என்பது, அதை எடுத்துக்கொண்ட நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

வேண்டாத தானியத்துக்கு விடாமல் கொத்தும் புறா

இப்போது பசி மருந்துக்கு வருவோம். ஆம்ஃபெட்டமைன் குடும்பம்தான் அந்தக் காலத்தின் பிரபலமான எடை குறைப்பு மாத்திரை. மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களை அதிகமாக வெளியேற்றும். பசி அடங்கும், தூக்கம் போகும், உற்சாகம் வரும். 1930-களின் பிற்பகுதியில் எடை குறைப்புக்குப் பயன்படத் தொடங்கி, 1950, 60-களில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. அடிமைப்படுத்தும் ஆபத்து வெளிச்சத்துக்கு வந்த பிறகு, 1970-களின் தொடக்கத்தில் அங்கே கடும் கட்டுப்பாடு வந்தது. இந்தியாவிலும் 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் இது.

1958-ல் டியூஸ், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தாம்ஃபெட்டமைனைப் புறாக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பசியைக் குறைக்கும் மருந்தாயிற்றே, தானியத்துக்காகக் கொத்துவது குறையத்தானே வேண்டும்? நடந்தது வேறு. வழக்கமாக மெதுவாகக் கொத்தும் விதிகளில், புறாக்கள் முன்பைவிட அதிகமாகக் கொத்தின! ஏற்கெனவே வேகமாகக் கொத்தும் விதிகளில் அப்படிக் கூடவில்லை. டோஸ் ஏற ஏற அங்கே வேகம் குறையத்தான் செய்தது.

அந்த பஸ் ஸ்டாப்பை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. அடுத்தது வர அரை மணி நேரமாகும். ஆனால் ஒருவர் மட்டும் உட்காராமல், நின்றுகொண்டே ரோட்டை எட்டி எட்டிப் பார்க்கிறார். மருந்து ஏறிய புறா அந்த ஆள் மாதிரிதான். உழைப்பு கூடுகிறது. கிடைக்கும் தானியம் கூடவில்லை.

மெதுவான செயலைக் கூட்டும், வேகமான செயலைக் குறைக்கும் என்ற இந்தப் போக்கு, பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளிலும் தென்பட்டது. ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. தண்டனைக்குப் பயந்து அடங்கியிருக்கும் செயலை, ஆம்ஃபெட்டமைன் பொதுவாகக் கூட்டுவதில்லை.

'சுறுசுறுப்பா இருக்கேன், நிறைய வேலை செய்றேன்' என்று இந்த வகை மாத்திரை போட்டவர்கள் சொல்வதைக் கேட்டால், இந்தப் புறா ஞாபகத்துக்கு வரட்டும். அதிகமாகச் செய்வது வேறு, சரியாகச் செய்வது வேறு.

பழையதைச் செய்வது சுலபம்... புதியதைக் கற்பது?

பரீட்சைக்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டொனால்டு தாம்ஸன் 1970-களில் புறாக்களை வைத்துத் தொடர்ந்து செய்த சோதனை முறை ஒன்று உண்டு. பெட்டியில் 3 பொத்தான்கள். விளக்கின் நிறம் மாற மாற, ஒவ்வொரு நிறத்துக்கும் சரியான பொத்தானைக் கொத்த வேண்டும். உதாரணமாக இடது, வலது, நடு, வலது என்று 4 படிகள். இந்த வரிசையை முடித்தால் தானியம். தப்பாகக் கொத்தினால் சில நொடிகள் பெட்டி இருண்டுவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கற்றல் பகுதியில் தினமும் வரிசை மாறும், பாஸ்வேர்டு மாதிரி. ஒவ்வொரு நாளும் புறா புதிதாகத் தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டும். இன்னொரு பகுதியில் வரிசை மாறவே மாறாது, அது மனப்பாடமான பாடம். ஒரே பறவை, ஒரே நாள், ஒரே மருந்து. கற்பதையும் பழகியதைச் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஆம்ஃபெட்டமைன் வகை மருந்துகளைச் சோதித்தபோது, மனப்பாடமான வரிசையைவிடப் புதிய வரிசைதான் முதலில் அடிவாங்கியது. பழகியதைத் தடங்கல் இல்லாமல் செய்யவிடும் அதே டோஸ், புதியதைக் கற்கும்போது பிழைகளைக் கூட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புறா நன்றாகத்தான் இருக்கிறது. கற்கும் இடத்தில்தான் ஓட்டை.

கவனக்குறைபாட்டுக்காக மருத்துவர் அளந்து கொடுக்கும் சிகிச்சை வேறு விஷயம். யாரோ கொடுத்த ஒரு மாத்திரை எடையையும் குறைக்கும், மார்க்கையும் கூட்டும் என்று நம்புவது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'பசி இல்லை, அதனால் கொத்தவில்லை' என்று சொல்லிவிடலாமா?

நியாயமான சந்தேகம். ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம் வந்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிகள் அழகானவை.

ஒன்று, மருந்தே இல்லாமல் புறாவுக்கு முன்கூட்டியே தானியம் கொடுத்துவிடுவது. வயிறு நிறைந்த புறா எப்படி நடந்துகொள்கிறது, மருந்து ஏறிய புறா எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டுவிடலாம். பசி போனதுதான் காரணம் என்றால், இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இரண்டு, பரிசையே மாற்றிவிடுவது. 1964-ல் கெல்லெஹர், மோர்ஸ் என்ற இருவர் இதைக் குரங்குகளிடம் செய்து பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் குரங்கு உணவுக்காக வேலை செய்யும். இன்னொரு கட்டத்தில் லேசான மின்அதிர்ச்சியிலிருந்து தப்பிக்க வேலை செய்யும். ஆம்ஃபெட்டமைனின் விளைவு, பரிசு உணவா அதிர்ச்சியா என்பதைவிட, எண்ணிக்கை விதியா நேர விதியா என்பதையே பெரும்பாலும் பின்தொடர்ந்தது. உணவே இல்லாத இடத்தில் பசியைக் காரணம் சொல்ல முடியாது, இல்லையா?

மூன்று, பிழைகளை எண்ணுவது. பசி குறைந்தால் வேலை குறையும். ஆனால், இடது பொத்தானுக்குப் பதிலாக வலது பொத்தானைக் கொத்துவதற்குப் பசி மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

எல்லாப் பசி மருந்தும் ஒன்றல்ல

ஃபென்ஃப்ளூரமைன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ரசாயன அமைப்பில் ஆம்ஃபெட்டமைனுக்கு உறவுக்காரன். ஆனால் குணம் வேறு. இது முக்கியமாகத் தொடுவது செரட்டோனினை. ஆம்ஃபெட்டமைன் தூக்கத்தைக் கெடுத்தால், இது பலருக்கு மந்தத்தைக் கொடுத்தது.

விலங்குச் சோதனைகளிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆம்ஃபெட்டமைன் போல மெதுவான கொத்தலைத் தூண்டிவிடும் வேலையை ஃபென்ஃப்ளூரமைன் பொதுவாகச் செய்வதில்லை. டோஸ் கூடக் கூட, செயல் குறைந்துகொண்டே போகும். இரண்டு மாத்திரையின் அட்டையிலும் 'பசியைக் குறைக்கும்' என்றே எழுதியிருக்கலாம். பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் இரண்டும் இரண்டு வேறு மருந்துகள்.

மருந்து பழகிப்போவதும் ஒரு பாடம்தான்!

'ஆரம்பத்துல நல்லா பசி அடங்குச்சு. இப்ப வேலை செய்யலை' என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்போம். ஆனால் பழகுவது உடம்பு மட்டும்தானா?

1971-ல் கார்ல்டன், வோல்ஜின் இருவரும் எலிகளிடம் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு குழுவுக்கு, பால் வைப்பதற்கு முன்னால் ஆம்ஃபெட்டமைன் ஊசி. இன்னொரு குழுவுக்கு, பால் குடித்து முடித்த பிறகு ஊசி. மருந்து இரண்டு குழுவுக்கும்தான் போகிறது. முதல் குழு, நாளாக ஆக மருந்தையும் மீறிப் பழையபடி பால் குடிக்கப் பழகிவிட்டது. இரண்டாவது குழுவுக்கு அப்புறம் ஒரு நாள் பாலுக்கு முன்னால் ஊசி போட்டால், மருந்தை அதுவரை பார்த்தே இராத எலி மாதிரி, பால் குடிப்பது சட்டென்று குறைந்தது. மருந்தின் தாக்கத்தோடு சாப்பிட்டுப் பழகினால்தான் அந்த மாற்றம் வந்தது. அதாவது, அதுவும் ஒரு கற்றல்.

புறாக்களிடமும் இது போன்ற ஒன்று தெரிந்தது. பசியை அடக்கும் குணம் கொக்கைனுக்கும் உண்டு. 1987-ல் ஹாஃப்மன், பிரான்ச், சைஸ்மோர் மூவரும், புறாக்களுக்கு அதைத் தொடர்ந்து தினமும் கொடுத்து வந்தார்கள். சில கொத்துகளே போதும் என்ற எளிய விதியில், பறவைகள் மெள்ள மெள்ளப் பழைய வேகத்துக்குத் திரும்பின. நூற்றுக்கும் மேல் கொத்த வேண்டிய கடினமான விதியில், அப்படி மீள்வது கஷ்டமாக இருந்தது. ஒரே பறவை, ஒரே மருந்து. சுலபமான வேலையில் மீண்டுவிட்டதால், கஷ்டமான வேலையிலும் மீண்டுவிட்டதாக நினைக்கக் கூடாது.

புறா சொல்லாத விஷயம்

இவ்வளவு சொன்ன புறா, ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1990-களில் அமெரிக்காவில் ஃபென்ஃப்ளூரமைனையும் ஃபென்டெர்மின் என்ற இன்னொரு பசி மருந்தையும் சேர்த்துச் சாப்பிடும் 'ஃபென்-ஃபென்' மோகம் பரவியது. லட்சக்கணக்கானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1997 ஜூலையில், அதை எடுத்துக்கொண்ட 24 பெண்களுக்கு இதய வால்வு பாதிப்பு இருப்பதை மேயோ கிளினிக் மருத்துவர்கள் தெரிவித்தார்கள். அதே செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமைன் சந்தையிலிருந்து வெளியேறியது. வால்வில் இருக்கும் செரட்டோனின் ஏற்பிகளை இந்த மருந்து தூண்டியதுதான் காரணம் என்று பிறகு விளங்கியது.

கொத்தும் வேகத்தை எண்ணும் பெட்டியால், இதய வால்வைப் பார்க்க முடியாது. ஒரு சோதனை, தான் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதே ஃபென்ஃப்ளூரமைன், 2020-ல் ட்ராவெட் சிண்ட்ரோம் என்ற அரிய வகை வலிப்பு நோய்க்காக, இதயப் பரிசோதனை நிபந்தனைகளோடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து கெட்டதா, நல்லதா என்பதைவிட, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யாருடைய கண்காணிப்பில் என்பதே கேள்வி.

இப்போதைய ஊசிகள்?

2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி இரண்டும் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து பேச்செல்லாம் இந்த ஊசிகளைப் பற்றித்தான். இவை ஆம்ஃபெட்டமைன் குடும்பம் இல்லை. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஹார்மோனின் வேலையைச் செய்பவை. இரைப்பை காலியாவதை மெதுவாக்கி, மூளைக்கு 'போதும்' என்று சொல்லும். இந்த ஹார்மோனுக்கும் பறவைகளோடு தொடர்பு உண்டு. 1990-களிலேயே கோழிக்குஞ்சுகளின் மூளைக்குள் இதைச் செலுத்தியபோது, அவை தீவனம் தின்பது சட்டென்று குறைந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வழி வேறு என்பதால், ஆம்ஃபெட்டமைன் கதையை அப்படியே இந்த ஊசிகள் மேல் போடக் கூடாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஊசி நின்றால் பசி திரும்பும். அது திரும்பும்போது, நீங்கள் இடைப்பட்ட காலத்தில் எதைப் பழகி வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால்...

* 'மூலிகை', 'ஆயுர்வேத டீ' என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். சிபுட்ரமைன் என்ற பசி மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டு, 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆனால் 'இயற்கை' என்று விற்கப்படும் எடை குறைப்புப் பொருள்களில் அது ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து வருகிறது.

* மருத்துவர் பசி மருந்து எழுதித் தந்தால், இரண்டு கேள்விகள் கேளுங்கள். 'இது மூளையில் எதன் மேல் வேலை செய்யும்?', 'என் இதயத்துக்கு இது பரவாயில்லையா?'

* நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட்டா, வண்டி ஓட்டுபவரா, பரீட்சைக்குப் படிப்பவரா? ஒரே மருந்து எல்லா வேலையையும் ஒரே மாதிரி தொடுவதில்லை என்பதைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம்.

* மருந்து ஆரம்பித்த பிறகு, எடையோடு சேர்த்து வேறு இரண்டையும் குறித்து வையுங்கள்: தூக்கம் எப்படி இருக்கிறது, புதிதாக ஒன்றைக் கற்கும்போது தப்பு கூடுகிறதா? பழகிய வேலையை வைத்து 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று முடிவு செய்யாதீர்கள். பழகிய வேலை கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும்.

* படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கையில் இருக்கும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அக்கா கல்யாணத்துக்கு வருவோம். பிளவுஸில் தையல் பிரித்து அரை இன்ச் விட்டுக்கொடுக்க எந்த டெய்லரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். இதய வால்வில் அப்படிப் பிரித்துத் தைக்கும் வசதி அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அந்த ரீல்ஸைத் தள்ளிவிட்டுத் தூங்குங்கள்!